சோபாவின் அந்த மூலை

எந்த ஊர் ஹோட்டலுக்குப் போனாலும் பையை வாசலிலேயே வைத்துவிட்டு, முதலில் மெத்தையின் மூலையைத் தூக்கிப் பார்ப்பேன். என் கணவர் தலையில் அடித்துக்கொள்வார். அவருக்கென்ன, மூட்டைப்பூச்சியால் ஒரு கல்யாணமே நின்றுபோகும் என்று சொன்னால் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது லுக்குட் டவுனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வரிசை வீட்டில் இருந்தோம். அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் லுக்குட்டில் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு சோபா வாங்கி வந்தார். பூச்சிகள் அதோடு இலவசமாக வந்தன. முதலில் வந்தவர்களில் மாப்பிள்ளையின் அத்தை பேச்சின் நடுவே தொடையைச் சொறிந்துகொண்டே எழுந்தார். வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பவில்லை. யாராவது அக்காவின் வயதைக் கேட்டால் அம்மா பேச்சை மாற்றத் தொடங்கியது அதன் பிறகுதான்.

சோபாவை வெளியே வெயிலில் போட வழியில்லை. போட்டால் வரிசை முழுவதும் விசாரிக்க வந்துவிடும். அப்பா தோட்டத்தில் களைக்கு அடிக்கும் மருந்தைக் கொஞ்சம் கொண்டுவந்து பின்கட்டில் வைத்து அடித்தார். பூச்சி சாகவில்லை. அம்மாவின் கறிவேப்பிலைச் செடி செத்தது. கடைசியில் பால் டின்களில் மண்ணெண்ணெய் ஊற்றி, சோபாக் கால்களை அதற்குள் நிறுத்தினோம். பூச்சி அங்கிருந்து இறங்கி வேறெங்கும் போகாதாம். டின் துருப்பிடித்துச் சிமெண்டுத் தரையில் வட்டம் வட்டமாகச் சிவப்புக் கறை விழுந்தது. எதைப் போட்டுத் தேய்த்தாலும் அது போகவில்லை.

பாரோயிலிருந்து அடுத்த இடம் வந்தது. பையன் பாக்டரியில் சூப்பர்வைசர், நல்ல குடும்பம். அம்மா டின்களை ஒளித்தாள், கறைமேல் பாய் விரித்தாள், மண்ணெண்ணெய் வாடை போகச் சாம்பிராணி போட்டாள். புகையில் வந்தவர்கள் இருமினார்கள். எனக்கு ஒரு வேலை தரப்பட்டது. சோபாவின் இடது மூலையில்தான் பூச்சி அதிகம். விருந்தாளி யாரும் அங்கே உட்காராதபடி நான் உட்கார்ந்திருக்க வேண்டும். என்ன கடித்தாலும் சொறியக் கூடாது.

உட்கார்ந்தேன். கடித்தது. ஐயோ, அந்த அரிப்பு! பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடி இருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார். நான் நகரவில்லை. பிள்ளைக்குக் கூச்சம் என்று என் அம்மா சமாளித்தாள்.

அப்போதுதான் ஒன்று மெத்தை இடுக்கிலிருந்து வெளியே வந்து, அந்த அம்மாளின் சேலையை நோக்கி நிதானமாக நடந்தது. நான் பார்த்தேன். காப்பித் தட்டோடு நின்ற அம்மாவும் பார்த்தாள். அந்த அம்மாள் பாசாரில் மீன் விலை ஏறிப்போனதைச் சொல்லிக்கொண்டே கட்டைவிரலை வைத்து அதை நசுக்கினார், கைக்குட்டையில் துடைத்தார், பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அவர்கள் போனதும் அம்மா அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதாள். நாலு பேரிடம் சொல்லிவிடுவார்கள், இனி யாரும் இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டார்கள் என்றாள். அக்கா சேலையை மடித்து வைத்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

ஆனால் போன் வந்தது. வந்து எங்கள் வீட்டையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பது வழக்கம்தான் என்றாலும், அம்மாவுக்கு நம்பிக்கையில்லை. முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

பாரோய் வீட்டில் அவர்களுடையது புது சோபா. அம்மா அதன் விளிம்பில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். சோபாக் காலைச் சுற்றித் தரையில் சிவப்பாக ஒரு வட்டம். அடுத்த காலிலும் அதே போல் ஒன்று. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மாவின் தொடையைக் கிள்ளி, காதோடு சொன்னேன்.

"அம்மா, இங்கயும் இருக்கு. எந்திரி."

அம்மா கீழே பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். எதிரே அந்த அம்மாளும் அதே வட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காப்பி ஆறுது, குடிங்க சம்பந்தி" என்றார் அவர். அந்த வார்த்தையை அப்போதுதான் முதலில் சொன்னார்.

"குடிக்கிறேன் சம்பந்தி. எங்க போயிடப்போவுது" என்றாள் அம்மா.

சொல்லிவிட்டு, பல வாரமாகச் சிரிக்காத அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். முதுகு முழுவதும் படும்படி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் மறுபடியும் கிள்ளினேன். அவள் என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கடிபடப்போகிறவளுக்கு இதில் என்ன சந்தோஷம் என்று எனக்கு விளங்கவேயில்லை.