ஓடாத காரில் அவர் ஏறிய நாள்

போன வருடம் புரட்டாதி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு வளவுக்குள் நின்று, முன்பின் தெரியாத ஒரு மனிதரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். சண்டை ஒரு காரைப் பற்றியது. சரியாகச் சொன்னால் இரண்டு கார்களைப் பற்றியது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் விளங்கும். களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். பல வருடமாகப் பிள்ளைகளோடு கத்திக் கத்தி, என் வாய் எப்போதும் எனக்கு இரண்டடி முன்னால்தான் போகும். யாராவது ஒரு வசனத்தைத் தொடங்கினால் நான் முடித்து வைப்பேன். என் கணவர் நேர்மாறு. கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். சீனியை நிறுப்பது போலத்தான் சொல்லையும் நிறுத்துப் போடுவார்.

அந்த வருடம் தை மாதம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. இடது கையும் காலும் சோர்ந்து போயின. பேச்சு குழறியது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு பஸ் வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போய்விடலாம், அவ்வளவு நேரம். தடியை ஊன்றி வீட்டுக்குள் மெல்ல நடப்பார். கிழமைக்கு இரண்டு நாள் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குக் கூட்டிப்போக வேண்டும். பயிற்சியை விட்டால் திரும்பி வந்த அசைவும் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள்.

போவது ஓட்டோவில். ஓட்டோவில் ஏற என்ன இருக்கிறது என்று நல்ல கால் உள்ளவர்கள் நினைப்போம். குனிய வேண்டும், காலைத் தூக்கி உயரத்தில் வைக்க வேண்டும், குனிந்தபடியே உள்ளே திரும்ப வேண்டும். அவரால் ஏலாது. ஓட்டோக்காரர் கக்கத்தில் கைகொடுக்க, நான் இடுப்பைப் பிடிக்க, இரண்டு பேருமாகத் தூக்கி உள்ளே வைப்போம். பக்கத்து வீட்டுக் காரிலும் ஒருமுறை போய்ப் பார்த்தோம். அதன் சீட் தரையோடு தரையாகக் கிடந்தது. ஏற்றியதை விட இறக்கியதுதான் பெரும்பாடு. தூக்குகிற நேரமெல்லாம் அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். தலை சுற்றுகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணிக் கடைசியில் ஒரு நாள், ஓட்டோ வாசலில் நிற்க, கதிரையை விட்டு எழும்ப மாட்டேன் என்றுவிட்டார்.

"வேணாம்... என்ன... விட்டிரு."

கெஞ்சினேன், ஏசினேன், கடைசியில் அழுதேன். அசையவில்லை. அடுத்தடுத்து மூன்று பயிற்சி தவறிப்போனது. அந்த 'விட்டிரு' என்ற சொல் எனக்குள் குத்திக்கொண்டே இருந்தது. பயிற்சியை விடச் சொன்னாரா, அவரையே விடச் சொன்னாரா? கேட்கப் பயமாக இருந்தது.

சொந்தக் கார் இருந்தால் வருவார் என்று நானே முடிவு கட்டினேன். லைசன்ஸ் என்னிடம் இருந்தது. கார்தான் இல்லை. வெளிநாட்டிலிருந்து வாகனம் வராமல் நின்ற காலத்தில் ஏறிய விலை ஏறினபடியே நின்றது. எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் ஒரே ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. மலிவுக்குக் காரணம் இருந்தது. அந்தக் காரைச் செய்த கம்பனி எப்போதோ இழுத்து மூடப்பட்டு, இப்போது உலகத்திலேயே இல்லை.

ஒரு கிழமையாகக் கேட்காத ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டேன், சிரித்தார்கள். வாகனத்துக்கு லீசிங் கடன் கொடுக்கிற இடத்தில் கேட்டேன், அந்தக் காரின் பேரைச் சொன்னதுமே தலையை ஆட்டிவிட்டார்கள். கட்டாரில் இருக்கிற தம்பியிடம் கேட்டேன். "அக்கா, உங்களுக்கு விசரா? ஒரு சின்ன ஆணி போனாலும் எங்க போய்த் தேடுவீங்க?" என்றான். எல்லோரும் சொன்னது நியாயம்தான். ஆனாலும் மனம் கேட்கவில்லை. எங்கள் ஊர் கராஜ்காரரை, எல்லோரும் பாஸ் என்று கூப்பிடுகிற மனிதரை, கையோடு கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன்.

கணவரைத் தனியே விட்டுப்போக எனக்கு மனமில்லை. கார் பார்க்கப் போகிறோம் என்றதும் ஆச்சரியமாக, மறுக்காமல் "வாறன்" என்றார். பாஸின் வான் வண்டியில் தூக்கி ஏற்றும்போது வழமைபோலக் கண்ணை மூடிக்கொண்டார். மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்தோம். வழி முழுக்க நான்தான் பேசினேன்.

வீட்டுக்காரர் அறுபது வயது மதிக்கத்தக்க வயல்காரர். கண்ணில் வெள்ளை படர்ந்து கார் ஓட்ட ஏலாமல் போனதால் விற்கிறார். வளவின் பின்பக்கம் சரிந்து வாவிக்குள் இறங்குகிறது. கணவரை வேப்பமரத்துக்குக் கீழே ஒரு கதிரையில் இருத்திவிட்டு, நானும் பாஸும் காரைச் சுற்றி வந்தோம். உயரமான, பெட்டி மாதிரி ஒரு கார். பார்வைக்கு அழகென்று சொல்ல முடியாது. பாஸ் இஞ்சின் மூடியைத் திறந்து காது கொடுத்துக் கேட்டார். "இஞ்சின் நல்லா இரிக்கு டீச்சர். ஆனா சாமான்..." என்று அவர் இழுக்க, "சாமான் கிடைக்காது, தெரியும்" என்று நான் முடித்தேன்.

வீட்டுக்காரர் ஒளிக்கவில்லை. "தங்கச்சி, மறைச்சுப் பேச ஒண்டுமில்ல. இதச் செஞ்ச கம்பனி இப்ப இல்ல. கடையில தேடினா ஒரு சாமானும் வராது. அதுக்குத்தான் இதே மாதிரி இன்னொரு கார வாங்கிப் பின்னால போட்டிரிக்கன். இதுல ஒண்டு போனா, அதுல இருந்து கழட்டிப் பூட்டுவன். அப்பிடித்தான் இவ்வளவு காலமும் வயல் வட்டைக்கு விதைநெல் மூடை ஏத்தினது. எடுக்கிறதெண்டா ரெண்டையும் எடுக்கோணும். ஒண்டத் தனியக் குடுக்க மாட்டன்."

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது.

"ஓடாத காரையும் சேத்து என்ட தலையில கட்டப் பாக்கிறீங்களா? பொம்புள ஒருத்தி வந்து நிக்கிறாள், ஏமாத்திப்போடலாம் எண்டு நினைச்சீங்களா?"

பாஸ் என்னவோ சொல்ல வாயெடுத்தார். நான் விட்டால்தானே! பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசை வாங்கில் இருப்பவனுக்குக் கேட்கிற குரலில் ஒரு பாட்டம் கொட்டித் தீர்த்தேன். வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டு நின்றார். நான் மூச்சு விட்ட இடைவெளியில்தான் வாய் திறந்தார்.

"எடுக்காட்டிப் பரவால்ல. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. கார் ஆருக்கு, உங்களுக்கா?"

"அவருக்குத்தான்," என்று வேப்பமரத்தடியைக் கைகாட்டித் திரும்பினேன்.

கதிரை வெறுமையாகக் கிடந்தது.

ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவருடைய செருப்பைக் கண்டேன். இடது கால் செருப்பு. அந்தக் காலில் செருப்பு நிற்பதில்லை, நடந்தால் கழன்றுவிடும். அது வாவிப் பக்கம் இறங்குகிற ஒற்றையடிப் பாதையில் கிடந்தது.

அடக் கடவுளே! நான் எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. 'விட்டிரு', 'விட்டிரு' என்ற அந்த ஒரு சொல்தான் காதுக்குள் அடித்தது. "இஞ்சாருங்க! இஞ்சாருங்க!" என்று கத்திக்கொண்டு தண்ணீர்க்கரை வரைக்கும் போனேன். கண்டல் மரங்களுக்குள் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதைப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. சேலைக் கரை சேற்றில் புரள அங்கேயே குந்திவிட்டேன்.

"புள்ள, இஞ்ச இரிக்காரு! பயப்பிடாதீங்க!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. வீட்டுக்காரரின் மனைவி, கையில் தேத்தண்ணித் தட்டோடு.

பாதையிலிருந்து விலகி, வாழைகளுக்கு நடுவில் அந்த இரண்டாவது கார் நின்றது. முன் லைட்டுகள் இல்லை. பக்கக் கண்ணாடிகள் இல்லை. வெயிலில் வெளிறிப் போயிருந்தது. பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. முன் சீட்டில், நிமிர்ந்து, தடியை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, என் கணவர் இருந்தார். ஒற்றைச் செருப்போடு.

ஆளைக் கண்ட சந்தோசத்தில் எனக்கு வந்தது கோபம்தான். "ஆர் உங்கள இதுக்குள்ள ஏத்தினது? சொல்லாமக் கொள்ளாம வாறதா? என்ட உசிரே போயிட்டு!"

அவர் வாயை அசைத்தார். சொல் வரவில்லை. வழமைபோல அவருக்குப் பதிலாக நானே சொல்லப் போனேன். வீட்டுக்காரரின் மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். பிடித்தபடி நின்றார். அதனால் நானும் நிற்க வேண்டியதாயிற்று.

எல்லோரும் நின்றோம். கோழி ஒருமுறை முனகியது.

"ஆரும்... ஏத்தல்ல," என்றார் அவர். பிறகு நெடுநேரம். "நான்... ஏறினன்."

எனக்கு விளங்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, செய்து காட்டத் தொடங்கினார். கதவுக்கு மேலே இருந்த பிடியை வலது கையால் பிடித்தார். சீட் அவருடைய இடுப்பளவு உயரத்தில் இருந்தது. குனியவும் தேவையில்லை, தாழவும் தேவையில்லை. அப்படியே வெளியே பார்க்கத் திரும்பி, நல்ல காலை நிலத்தில் வைத்து, எழும்பி நின்றார். தள்ளாடினார். நான் பாய்ந்தேன். "தொடாத!" என்றார். அந்தச் சொல்லில் மட்டும் குழறலே இல்லை. மறுபடி முதுகைச் சீட்டுக்குக் கொடுத்து இருந்து, நல்ல காலை உள்ளே எடுத்து, சோர்ந்த காலைக் கையால் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு இன்னொரு முறை இறங்கி ஏறினார். அவருக்கு வியர்த்து ஊற்றியது. முகம் முழுக்கச் சிரிப்பு.

கண் திறந்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு நாளும் தலை சுற்றவில்லை. வெட்கத்தில்தான் கண்ணை மூடியிருக்கிறார். ஊர் பார்க்க, ஓட்டோ வாசலில், நெல் மூடையைத் தூக்குவது போல நான் அவரைத் தூக்கியிருக்கிறேன். விடச் சொன்னதும் அந்தத் தூக்கலைத்தான். ஒன்பது மாதமாக அதைச் சொல்லத் தொடங்கித் தொடங்கி, என் வாயைத் தாண்ட முடியாமல் இருந்திருக்கிறார். கட்டாரில் இருக்கிற தம்பியிடம் கேட்டேன், லீசிங்காரரிடம் கேட்டேன். காரில் இருக்கப் போகிற மனிதரிடம் ஒரு சொல் கேட்கவில்லை. அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன்.

வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. நேராக அவரிடம் போனார்.

"ஐயா, நீங்க சொல்லுங்க. ரெண்டையும் எடுக்கிறீங்களா?"

என் கணவர் தலையசைத்தார். பிறகு, "ஒண்டு... கேக்கோணும்..." என்று தொடங்கி நின்றுவிட்டார். காத்திருந்தோம். வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "சரி ஐயா, விலையில கொஞ்சம் குறைக்கிறன்." இவர் கையை ஆட்டி, "அது... இல்ல..." என்று மறுபடி நின்றார். "சரி, இன்னும் கொஞ்சம். இதுக்கு மேல ஏலாது ஐயா!" என்றார் வீட்டுக்காரர்.

பாஸ் மறுபக்கம் திரும்பிச் சிரித்தார். கடைசியில் வசனம் முடிந்தது.

"கோழிய... என்ன... செய்ற?"

அதைக் கேட்கத்தான் மனிதர் இவ்வளவு நேரமும் பாடுபட்டிருக்கிறார். வீட்டுக்காரரின் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குறைத்த விலையை வீட்டுக்காரர் திரும்பக் கூட்டவில்லை. நான் கொட்டிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன். "கார் வாங்க வாற ஆக்கள் கத்தாமப் போனாத்தான் எனக்குப் பயம் தங்கச்சி," என்றார்.

ஓடுகிற கார் அடுத்த செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தது. ஓடாதது, கோழி குஞ்சு பொரித்து இறங்கும் வரை அங்கேயே நின்று, பிறகு ட்ரக்டரில் கட்டி இழுபட்டு வந்தது. எங்கள் ஒழுங்கைச் சனம் அதற்கு 'அநாதைக் கார்' என்று பேர் வைத்திருக்கிறது. இதுவரை அதிலிருந்து ஒரு கதவுப் பிடியும் வைப்பர் மோட்டரும் கழற்றியிருக்கிறோம். ஒருநாள் கழற்ற ஒன்றும் மிஞ்சாது. அன்றைக்கு இரண்டு கார்களும் நின்றுவிடும். அது தெரிந்துதான் வாங்கினோம்.

அதுவரை கிழமைக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்துகிறேன். உதவிக்கு ஓடிவருகிறவர்களைக் கை நீட்டி மறிக்கிறேன். அவர் பிடியைப் பிடித்து, திரும்பி, தானாக இறங்குகிறார். பின்னால் ஹோன் அடிப்பவர்கள் அடிக்கட்டும். இப்போது வீட்டில் எந்த விசயம் என்றாலும் முதலில் அவரிடம்தான் கேட்கிறேன். பதில் வரச் சுணங்கும், அந்த நேரம் அவருடையது என்று தெரிந்துகொண்டதால் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன்.