நெடில் தொலைந்த தூக்கம்

கல்கத்தாவே விடியுமுன் எழுந்து ரேடியோவில் சண்டி பாராயணம் கேட்கும் மகாளயா அன்றுதான் தாரா ஹவுராவில் சென்னை ரயில் ஏறினாள். தூங்குகிறவர்களின் மூளையையும் மூச்சையும் பதிவு செய்யும் படிப்புக்காக.

"அடுத்தவா தூங்கறதைப் பாக்க ஒரு படிப்பா?" என்று பிளாட்பாரத்தில் சிரித்தார் அப்பா குருமூர்த்தி. துறைமுக அலுவலகத்தில் அதிகாரி. "எங்க ஆபீஸுக்கு வா, இலவசமா காட்டறேன்."

"உன் குறட்டையைத்தான் முதல்ல பிடிக்கப் போறேன், பாரு."

அம்மா காமு சிரிக்கவில்லை. இரவில் அந்தக் குறட்டை சட்டென்று நிற்கும், கூடவே மூச்சும். அது திரும்பும்வரை எழுந்து உட்கார்ந்திருப்பவள் அவள்.

கல்கத்தா பெஹாலாவில் வளர்ந்த தாராவுக்கு வாயில் பெங்காலிதான் முதலில் வரும். அந்தப் பேச்சில் குறில் நெடில் வித்தியாசம் கிடையாது. அதனால் அவள் எழுதும் தமிழிலும் கிடையாது. அவள் அனுப்பும் ஒவ்வொரு செய்தியையும் அப்பா திருத்தித் திருப்பி அனுப்புவார்.

படிப்பு முடிந்து கல்கத்தா திரும்பி, நியூ டவுன் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தாள். நோயாளியின் தலையில் வயர், மார்பில் பட்டை, விரலில் ஒரு கவ்வி. அலைகள் திரையில் ஓடும். முதலில் மேலோட்டமான மயக்கம், பிறகு உடம்பு அடங்கும் தூக்கம். அதற்கும் கீழே பெரிய, மெதுவான அலைகள். உடம்பு தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளும் இடம் அது. அப்புறம் கனவு: கண் துள்ளும், மூளை விழித்தது போல ஓடும், கைகால் மட்டும் கட்டிப்போட்டது போல் கிடக்கும். இத்தனையையும் பார்த்தவுடன் சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கர்வம் உண்டு.

ஆனால் வீட்டுக் குறட்டை மட்டும் பிடிபடவில்லை. "வயர் மாட்டிண்டு தூங்கறதுக்கு நான் என்ன டேப் ரெக்கார்டரா? போடி!" என்பார் அப்பா. இன்னொரு பக்கம், மூச்சு நிற்கும் நேரம் நீண்டுகொண்டே போவதாக அம்மா போனில் அழுதாள்.

தாரா எழுதினாள்: "அப்பா, உன் துக்கம் எனக்கு தெரியும். ஒரு ராத்திரி வா. பக்கத்து ரூம்லயே இருப்பேன்."

அன்றுதான் மீட்டிங்கில் தூங்கி விழுந்து, எல்லோரும் சிரிக்க, யாரிடமும் சொல்லாமல் வீடு வந்திருந்தார் அவர்.

"நீ சொன்னியா அவகிட்ட?" என்று காமுவைக் கேட்டாராம்.

"எதை?"

அந்தச் செய்தியை மட்டும் அவர் திருத்தி அனுப்பவில்லை. சனிக்கிழமை மருத்துவமனையில் பையோடு வந்து நின்றார்.

திரையில் அப்பாவின் அலைகள் கீழே இறங்கப் பார்த்தன. ஒவ்வொரு முறையும் தொண்டை அடைத்தது, ஆக்ஸிஜன் சரிந்தது, மூளை அவரைச் சட்டையைப் பிடித்து மேலே இழுத்தது. அந்த ஆழத்தை அவர் தொட்டு எத்தனை வருஷம் ஆயிற்றோ! டாக்டர் காற்றை அழுத்தி அனுப்பும் மாஸ்க் எழுதிக்கொடுத்தார். திட்டிக்கொண்டே மாட்டிக்கொண்டார் அப்பா.

மறுவருஷ மகாளயா. ராத்திரி வேலை முடிந்து காலையில் பஸ்ஸுக்கு நின்ற தாராவின் போன் ஒலித்தது. ஒரு எழுத்துப் பிழையும் பொறுக்காத அப்பா எழுதியிருந்தார்:

"ரேடியோவைக் கோட்டை விட்டுட்டேன். இப்பதான் முழிச்சேன். உங்கம்மாவும் இன்னும் எழுந்துக்கலை. ஏ க்ளாஸ் துக்கம்."