வாசிக்கக் கேட்கப் போன ஃபேக்டரிக்காரிகள்

பிள்ளை வாசிக்கப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது சும்மா இருக்கிற வேலை என்று யாரும் நினைக்காதீங்க. சொந்தப் பிள்ளையை எழுத்துக் கூட்ட வைத்துத் தொண்டை வறண்டவங்களுக்கு என் பாடு புரியும்.

மலைமேல் எமரால்டு என்கிற ஊர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கிற வேலை எனக்கு. படிப்பு எட்டாவது வரைக்கும்தான். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம், பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்க எங்களில் நாலு பேரை மேனேஜரே ஆரம்பப் பள்ளிக்கு அனுப்புவார். என் பிள்ளைகள் கோயமுத்தூர் போய்விட்ட நேரம். முதல் ஆளாகப் பேர் கொடுத்தேன். போன வருஷம் வேலையை விட்டு நிற்கும்வரை போனேன்.

முதல் நாள்

மெஷின் ஓடுகிற இடத்தில் கத்தினால்தான் பக்கத்து ஆளுக்குக் கேட்கும். அதே பழக்கத்தில், "வாசி சாமி!" என்று ஆளுக்கொரு பிள்ளையிடம் கத்தினோம். அதுதான் முறை போல என்று பிள்ளைகளும் "ஆடு! இலை!" என்று போட்டி போட்டன. டீச்சர் ஓடி வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஏனுங்கக்கா, பஸ்ஸ நிறுத்திட்டு டிரைவர் எட்டிப் பாக்கறாருங்க!"

மோப்பம்

ஹரீஷ் ரெண்டாம் வகுப்பு. ஒவ்வொரு வரி முடிந்ததும் என் சேலையை மோந்து பார்ப்பான். எதுக்குடா என்றேன்.

"உங்க மேல டீ வாசம் அடிக்குதுங்க. டீல தொட்டுக்கற வர்க்கி கொண்டாந்தீங்கன்னா இன்னொரு பக்கம் படிப்பேன்."

சிந்து

சிந்து மூன்றாம் வகுப்பு, எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லயத்து வீட்டுப் பிள்ளை. புத்தகத்தைக் கொடுத்தால் குனிந்துகொள்வாள். ஒரு சொல் கேட்காது. "இந்த மாசமும் வாசிக்கலைன்னா ஒண்ணாங்கிளாஸ்லதான் உக்கார வைக்கணுங்க" என்றார் டீச்சர், மனசே இல்லாமல். அங்கே இருந்தது அவள் தம்பி. பிள்ளை முகம் செத்துப்போனது. மாரியம்மா, இந்த வாயைத் திறந்து விடு என்று தினமும் விளக்கு முன்னால் நின்றேன்.

மாசத்தின் கடைசி வாரம் நல்ல மழை. தகரக் கூரைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. ஃபேக்டரியில் கத்தியும் கேட்காதபோது ஒருத்தி உதட்டை ஒருத்தி பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வோம். அந்த ஞாபகத்தில் குனிந்து சிந்துவின் உதட்டைப் பார்த்தேன். அசைந்துகொண்டிருந்தது! புத்தகத்தில் விரல் வைத்துத் தொடர்ந்தேன். பக்கம் முழுக்க ஒரு சொல் பிசகவில்லை. இத்தனை நாளும் வாசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

டீச்சரைக் கூட்டி வந்து, அவள் வாயருகே காதை வைக்கச் சொன்னேன். கேட்கக் கேட்க அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ இந்தக் கிளாஸ்லயே இரு சாமி. சத்தமா படிச்சாத்தான் என்ன?"

"எங்கப்பா நைட் ஷிஃப்டுங்க டீச்சர். ஊட்டுல சத்தமா படிச்சா முழிச்சுக்குவாருங்க."

இப்போதும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தால், ஒரு பிள்ளை வாசிக்காதா என்று காது தேடுகிறது. வீட்டுக்காரர் எதிரில்தான் பேப்பர் படிக்கிறார், ஆனால் அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்துவிட்டதே, எனக்கு என்ன வேலை!