ஒன்லி நிற்க வேண்டிய இடம்

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது எங்கள் அத்தைக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். குத்தாலத்தில் இங்கிலீஷ் மீடியம் படிக்கிறவள் என்கிற தகுதியே அதற்குப் போதுமானதாக இருந்தது. அத்தை, அப்பாவின் தங்கை; நர்ஸ். மாமா இறந்த பிறகு இரண்டு வயது மகனோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள், வீடியோ காலில் இன்டர்வியூ என்றதும் வீடே பரபரப்பானது. பையனை அம்மா பார்த்துக்கொள்வதாக முடிவாயிற்று. தனியாக வருவதாகச் சொன்னால்தான் எடுப்பார்கள் என்று ஏஜென்ட் அடித்துச் சொல்லியிருந்தார்.

அந்தப் பதிலை அத்தை "ஐ வில் கம் அலோன்" என்று எழுதிவைத்திருந்தார். எனக்குப் பிடிக்கவில்லை. அலோன் என்றால் நாதியற்றவர் மாதிரி இருக்கிறது என்று அடித்துவிட்டு, "ஒன்லி ஐ வில் கம்" என்று மாற்றினேன். ஒன்லி எந்தச் சொல்லுக்கு முன்னால் நிற்கிறதோ அதைத்தான் குறிக்கும், இடம் மாறினால் அர்த்தமே மாறிவிடும் என்று வகுப்பில் அப்போதுதான் நடத்தியிருந்தார்கள்.

"நம்ம 'மட்டும்' பின்னாடி நிக்கும், இது முன்னாடி நிக்கும். அவ்வளவுதானே டீச்சரம்மா?" என்றார் அத்தை.

சோறு வடிக்கும்போதும் பையனைக் குளிப்பாட்டும்போதும் அந்த வாக்கியத்தையே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊரில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது வயலில், மோட்டார் கொட்டகை பக்கம்தான். நடவு முடிந்த சமயம். மும்முனை மின்சாரம் இருக்கிற கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பாய்ச்சியாக வேண்டும். இருந்தும், இரைச்சல் கேட்கக் கூடாதென்று அப்பா மோட்டாரை நிறுத்திவிட்டு வரப்பில் நின்றார். ஆங்கிலம் தெரியாததால் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேமராவில் விழாமல் போனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

எல்லாக் கேள்விக்கும் அத்தை அழகாகப் பதில் சொன்னார். கடைசியில், தனியாக வருவீர்களா என்று கேட்டார்கள். அத்தை அம்மா நின்றிருந்த பக்கம் திரும்பினார். அம்மாவின் இடுப்பில் இருந்த பையன் இறங்குவதற்குத் திமிறிக்கொண்டிருந்தான்.

"ஐ வில் கம் ஒன்லி வித் மை சன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் மட்டும் வருவேன் என்பது, மகனோடு மட்டும்தான் வருவேன் என்று ஆகிவிட்டதே! ஒன்லியை முன்னால் கொண்டுவரும்படி கையை ஆட்டி ஆட்டி ஜாடை காட்டினேன். சரியாகக் கேட்கவில்லையென்று போனில் கேள்வி கேட்ட பெண்மணியும் மறுபடி கேட்டார். அத்தை என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அதே வாக்கியத்தை ஒவ்வொரு சொல்லாக, நிதானமாகச் சொன்னார்.

போனை வைத்ததும், "என்னம்மா சொன்னா அத்தை?" என்று அப்பா என்னிடம் கேட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் சொன்னாங்கப்பா. ஒரே ஒரு வார்த்தை எடம் மாறிப்போச்சு. பையனோடதான் வருவேன்னு ஆயிடுச்சு."

அப்பா திட்டுவார் என்று பயந்தேன். அவர் அத்தையைப் பார்த்து, "அதுக்கென்ன இப்ப, விடு" என்றபடி மோட்டாரைப் போடப் போனார். அதற்குள் கரண்ட் போயிருந்தது.

அந்த வேலை கிடைக்கவில்லை. என் பாடத்தில்தான் ஏதோ குறை என்று தோன்றி, ஒன்லியை வைத்து ஒரு பக்கம் நிறையப் பயிற்சி எழுதிக்கொடுத்தேன். அத்தை மகனை மடியில் போட்டுக்கொண்டு, சிரித்தபடியே எழுதி முடித்தார். ஒரு பிழைகூட இல்லை. இவ்வளவு தெரிந்தவர் அன்றைக்கு எப்படித் தடுமாறினார் என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.