முதலில் கருவி, அப்புறம் பம்பு

ஸ்க்ரூ டிரைவரின் மரப்பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரும்பு முனையைப் பம்பின் வயிற்றில் வைத்து, நெரெய்தா கண்ணை மூடிக்கொள்கிறார். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. அடுப்பில் காப்பி பொங்கினாலும் பொங்கட்டும். பல் வழியாக ஏறி வரும் சத்தத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, பிடியை வாயிலிருந்து எடுத்துப் பாவாடையில் துடைத்து, தீர்ப்பைச் சொல்வார்.

"உள்ள விடுற வால்வு சோம்பேறி. வெளிய விடுறது நல்ல பிள்ளை."

நாங்கள் ஹிபாரா என்ற கடலோரச் சிற்றூரிலிருந்து ஒல்கின் நகரத்துக்குக் கூட்டு டாக்ஸி ஓட்டுகிறவர்கள். எங்கள் வண்டிகளில் இளையது என் ஷெவ்ரோலே. அதற்கே எழுபது வயது தாண்டிவிட்டது. புத்திசாலிகள் டீசல் எஞ்சினுக்கு மாறிவிட்டார்கள். என்னைப் போன்ற பிடிவாதக்காரர்கள் பழைய பெட்ரோல் எஞ்சினையே கட்டிக்கொண்டு மாரடிக்கிறோம். எஞ்சினின் விலாவில் கையளவுக்கு ஒரு பம்பு இருக்கும். அதன் கையை எஞ்சின் உள்ளிருந்து தட்டத் தட்ட, ரப்பர் பூசிய வட்டத் துணி ஒன்று மேலும் கீழும் போய், டாங்கியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி அனுப்பும். இன்றைய பெட்ரோல் அந்தத் துணியைத் தின்றுவிடுகிறது. புதுப் பம்பு எந்தக் கடையில் கிடைக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள். இந்தத் தீவில் அந்தக் கேள்விக்குச் சிரிப்புதான் பதில்.

நெரெய்தாவிடம் கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது. ஊர் மருத்துவமனையில் முப்பது வருடமாகப் பல்செட் கட்டுகிறவர். வயது ஐம்பத்தெட்டு. எதிரே வந்தால் நம் முகத்தைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். "அந்த மேல்வரிசை நான் கட்டினது. மூடி வைக்கவா கட்டினேன், சிரிடா!" என்று நடுத்தெருவில் அதட்டுவார். ஒரு நாள் அவரிடம் பல்செட் வாங்க வந்த டிரைவர் ஒருவர், விளிம்பு வளைந்துபோன பம்பு ஒன்றைப் பையில் வைத்திருந்தார். நெரெய்தா அதை வாங்கிக் கண்ணாடிப் பலகையில் வைத்து, பல்செட்டை மெருகேற்றும் பொடியைத் தூவித் தேய்தேயென்று தேய்த்துச் சமமாக்கிக் கொடுத்தார். வந்தவர் பல்லை மறந்துவிட்டுப் பம்போடு போய்விட்டாராம்.

அவர் வீட்டுப் பின்கட்டுச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கும் கருவிகளில் ஒன்றுகூடக் கடையில் வாங்கியதில்லை. சோவியத் காலத்து டிவி ஆன்டெனாவின் குழாய் நுனியைக் கூராக்கித் துணியில் ஓட்டை போடும் உளி. பள்ளிக்கூடக் காம்பஸில் பாதி பிளேடைக் கட்டி வட்டம் வெட்டும் கத்தி. வால்வைக் குழிக்குள் இறக்கிச் சுற்றிலும் உலோகத்தை நசுக்கிப் பிடிக்க, பழைய பாக்ஸ் ஸ்பானரின் வாயில் நான்கு பல் அராவிய ஒரு துண்டு. பம்பை ஓட்டிப் பார்க்க சலவை இயந்திரத்தின் மோட்டார். அதன் அச்சில் கோணலாக ஒரு மரச்சக்கரம். கீழே வாளியில் மண்ணெண்ணெய் வைத்துக்கொண்டு எண்ணுவார். முப்பது தட்டுக்குள் மண்ணெண்ணெய் மேலே வராவிட்டால் பம்பு மறுபடி மேசைக்குப் போகும்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு, அவசரக்காரர்களுக்கு அதைக் கண்டால் ஆகாது. பம்பு ஏன் கெட்டது என்று கண்டுபிடித்ததும் அதைச் சரிசெய்ய மாட்டார். அந்தக் கோளாறுக்கென்று ஒரு கருவி செய்வார். கெஞ்சினாலும் கொஞ்சினாலும் அவர் வாயிலிருந்து வருவது ஒன்றுதான்: "முதல்ல கருவி, அப்புறம் பம்பு."

அந்த வழக்கத்தோடு நான் மல்லுக்கு நின்ற கதையைச் சொல்லியாக வேண்டும். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

என் தங்கை யாமிலேக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்து மூன்று வருடமாகிறது. திங்கள், புதன், வெள்ளி விடியற்காலையில் அவளை ஏற்றிக்கொண்டு ஒல்கின் ஆஸ்பத்திரிக்கு ஓட்டுகிறேன். அங்கே நான்கு மணி நேரம் இயந்திரத்தில் ரத்தம் கழுவுகிறார்கள். ஒரு முறை தவறினால் கால் வீங்கும், மறுமுறையும் தவறினால் மூச்சு முட்டும். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, திரும்பி வரும் வழியில் ஆகுவாஸ் கிளாராஸ் ஊரைத் தாண்டியதும் என் வண்டி இருமி நின்றது. நெரெய்தா போட்டுக் கொடுத்த பம்புத் துணி கிழிந்திருந்தது. ஒரு டிராக்டர் வந்து இழுக்கும்வரை யாமிலே இரண்டு மணி நேரம் புளியமரத்தடியில் துவண்டு கிடந்தாள். அந்த வாரம் எங்கள் நிறுத்தத்தில் வேறு எந்த வண்டியிலும் பெட்ரோலும் இல்லை, டீசலும் இல்லை. திங்கட்கிழமை அவள் போவதும் போகாததும் அந்தப் பம்பின் கையில்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்று மாலை நிறுத்தத்தில் ஏழெட்டு டிரைவர்கள் முன்னால் கத்தினேன்: "நெரெய்தா போட்டது மட்டமான துணி. பல்லு செய்யுற பொம்பளைக்குப் பம்பு எதுக்குடா?"

ஹிபாராவில் பேச்சுக்குப் பெட்ரோல் தேவையில்லை. சனிக்கிழமை காலை நான் அவர் வீட்டுப் படியேறும் முன்பே அது போய்ச் சேர்ந்துவிட்டது. என் நாக்கின் மேல் நம்பிக்கை இல்லாமல் யாமிலேயும் கூட வந்திருந்தாள். நெரெய்தா எங்களுக்கு, கொட்டைப் பஞ்சத்துக்கு வறுத்த பட்டாணி கலந்து அரைத்த காப்பி கொடுத்தார். யாமிலேக்கு மட்டும் ஒரே ஒரு மிடறு. அவளுக்குத் தண்ணீர் அளவு என்று அவருக்குத் தெரியும். பிறகு பம்பைத் திறந்து, கிழிந்த துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதை நடுவுல யாராவது திறந்தீங்களா, பெர்மின்?"

"இல்லையே அக்கா."

"பத்து ஓட்டையும் வட்டமா போட்டேன். இப்பப் பாரு, எல்லாம் முட்டை மாதிரி நீண்டு கிடக்கு. துணி தானா கிழியல. யாரோ இழுத்துப் பிடிச்சு முடுக்கியிருக்காங்க."

யாமிலே என்னைத் திரும்பிப் பார்த்தாள். "வாரத்துக்கு மூணு தடவை என் ரத்தத்தையே கழுவுறாங்க. நீ ஒரு தடவை வாயைக் கழுவினா என்ன அண்ணா?"

உண்மையைச் சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் முன்பு ஒரு திருகாணி ஓரம் பெட்ரோல் கசிந்தது. நானே எல்லாத் திருகாணிகளையும் தளர்த்தித் திரும்ப முடுக்கினேன். முடுக்கும்போது பம்பின் கையைக் கடைசிவரை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அப்போதுதான் துணி தொய்வாக உட்காரும். பிடிக்காமல் முடுக்கினால் துணி முரசுத் தோல் போல விறைத்துக்கொள்ளும், ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழியும். இது எனக்குத் தெரியாதது அல்ல. மூன்றாவது கை இல்லாததால் விட்டுவிட்டேன். பழியைத் தூக்கி அந்த அம்மாள் தலையில் போட்டேன்.

நெரெய்தா ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவர் புதுத் துணி வட்டம் ஒன்றை வெட்டிப் பெட்ரோல் பாட்டிலில் போட்டு மூடினார். அவரிடம் மிச்சமிருந்த நல்ல துணி அவ்வளவுதான். மூன்று ராத்திரி ஊறியும் உப்பாமல் இருந்தால்தான் எந்தத் துணியையும் நம்புவார். பிறகு பம்பை ஒதுக்கிவிட்டு, பழைய சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடிக்கும் இரும்புக் கவையை எடுத்து ரம்பத்தால் அறுக்க ஆரம்பித்தார்.

"அக்கா, திங்கக்கிழமை காலையில இவளைக் கொண்டு போகணும்..."

"தெரியும். முதல்ல கருவி."

அன்று மின்சாரம் வேறு இல்லை. கையால் சுற்றும் டிரில்லில்தான் ஓட்டை போட்டார். முதலில் செய்தது வளைக்கும்போது முறிந்தது. இரண்டாவது, பம்பின் கையிலிருந்து வழுக்கி வழுக்கி ஓடியது. "மேலே கட்டியாச்சு, கீழே கடிக்க மாட்டேங்குது" என்று பல்செட் பாஷையில் அதைத் திட்டிவிட்டு மறுபடி அரத்தை எடுத்தார். யாமிலே நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். நான் அவளுடைய கணுக்காலையும் நெரெய்தாவின் அரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வாய் மூடி உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

மூன்றாவது சரியாக அமைந்தது. உள்ளங்கை நீளத்துக்கு ஒரு இரும்பு வளைவு. நடுவில், பல்செட் அச்சை நெருக்கும் கவ்வியிலிருந்து கழற்றிய ஒரு திருகு. பம்பின் இரண்டு ஓட்டைகளில் அதை மாட்டித் திருகைச் சுற்றினால் பம்பின் கை முழுக்க அழுங்கி அப்படியே நிற்கும். ஞாயிறு மதியம் துணியை எடுத்து விரலால் நீவிப் பார்த்தார். பம்பை, துணியை, அந்த வளைவை, மூன்றையும் என் முன்னால் தள்ளினார்.

"நீ போடு."

"நானா?"

"ரோட்டுல நின்னா நான் வந்து நிக்கவா முடியும்? இவளால நடக்கத்தான் முடியுமா? கருவி உனக்குத்தான் செஞ்சேன். வண்டியிலயே கிடக்கட்டும்."

என் இரண்டு கைக்கும் வேலை வைத்து, மூன்றாவது கையை இரும்பில் செய்து கொடுத்திருக்கிறார். அவரைத் தெருவில் நின்று ஏசியவனுக்கு. வளைவைப் பம்பில் மாட்டித் திருகைச் சுற்றினேன்; பம்பின் கை அழுங்கி நின்றது. பத்தையும் முடுக்கினேன். மின்சாரம் வந்திருந்தது; சலவை மோட்டாரில் மாட்டி ஓட்டினோம், இருபத்திரண்டாவது தட்டில் மண்ணெண்ணெய் வந்தது.

"துணி ஒரு ராத்திரிதான் ஊறியிருக்கு. எனக்கு நம்பிக்கை பத்தாது. காலையில நானும் வர்றேன்" என்றார்.

சொன்னபடியே திங்கட்கிழமை விடியலில், ஐந்து லிட்டர் பெட்ரோல் கேனும் ஒரு முழம் ரப்பர் குழாயுமாக முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பம்பு படுத்தால் கேனை வண்டியின் கூரையில் கட்டி, குழாய் வழியாக நேரே எஞ்சினுக்கு இறக்கிக்கொண்டு போகலாம். நிறுத்தத்தைத் தாண்டும்போது பின்னாலிருந்து யாமிலே என் தோளைத் தட்டினாள். "நிறுத்து. கண்ணாடியை இறக்கு. சத்தமா சொல்லு."

சொன்னேன். "துணி நல்ல துணிதான்! கழுதை நான்தான்!"

"ரெண்டும் எங்களுக்கு முன்னாடியே தெரியும்!" என்று இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு தெரு முழுக்க ஓடியது. நெரெய்தா நேரே பார்த்துக்கொண்டு, "நேரமாச்சு, ஓட்டு" என்றார்.

வண்டி நிற்கவில்லை. ஆகுவாஸ் கிளாராஸ் ஏற்றத்தில் கியர் மாற்றக் குனிந்தபோதுதான் கவனித்தேன். நெரெய்தா செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் வலதுகாலால் வண்டியின் தரையை மிதித்து மிதித்து எடுத்துக்கொண்டிருந்தார். பம்பு தட்டும் வேகத்துக்கு யார் காலாலும் ஈடுகொடுக்க முடியாது. ஆனாலும் அவர் மிதித்துக்கொண்டே வந்தார். ஏற்றம் முடிந்தும் மிதித்தார், நகரத்துக்குள் நுழைந்தும் மிதித்தார். ஆஸ்பத்திரி வாசலில் நான் எஞ்சினை அணைத்த பிறகும் அந்தக் கால் ஓயவில்லை.

யாமிலே இறங்கினாள். படிகளில் மெதுவாக ஏறி, எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடியது. நெரெய்தாவின் கால் அப்போதுதான் நின்றது. குனிந்து செருப்பைத் தேடினார்.