தாழ்ந்த குரலுக்கு ஒரு பயாஸ்

வாசகரே, நடுவர் இருக்கையில் உங்களையே அமர்த்துகிறேன். என் பக்கம் சாயாமல் கேளுங்கள். மேடைகளில் நான் தோற்றதுண்டு. தோற்றபோதும் என் குரல் குன்றியதில்லை. அந்தக் குரலுக்கென்றே ஓர் ஆம்ப்ளிபயர் செய்தேன். அம்பாசமுத்திரத்து நூலக விழாவின் வழக்காடு மன்றத்துக்கு அதுவே போதும், வாடகை மைக்செட் வேண்டாம் என்று விழாக் குழுவிடம் மார்தட்டியும் விட்டேன்.

திருநெல்வேலி ஜங்ஷன் கடையில் டிரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாக மீட்டரில் செருகி, பெருக்கத்திறன் ஒத்துவந்த இணைகளை மட்டுமே பொறுக்கினேன்.

"பொண்ணு பாக்க வந்தவன்கூட இம்புட்டு நேரம் பாக்க மாட்டான் வே!" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

அடுத்தது பயாஸ். ஒலியே இல்லாதபோதும் வெளியீட்டு டிரான்சிஸ்டர்களில் சிறிது மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்; அதன் அளவை அமைப்பதே பயாஸ். கூடினால் அவை சூடேறி எரியும். குறைந்தால், ஒலி ஒரு டிரான்சிஸ்டரிலிருந்து அதன் இணைக்குக் கைமாறும் இடத்தில் கிழியும். எரிந்துவிடுமோ என்று அஞ்சி, அதற்கான சிறு திருகியைக் குறைத்தே வைத்தேன். பிறகு என் உரையின் உச்சப் பகுதியை முழங்கிச் சோதித்தேன். கணீரென்று ஒலித்தது.

விழா மாலையில், கூட்டம் சேருமுன் மைக் சோதனை நடந்தது. எதிரணித் தலைவி என் கல்லூரியில் படிப்பவள். குரலை உயர்த்தாமலே வெல்பவள். அவள் பேசினாள். ஒவ்வொரு சொல்லும் உப்புத்தாளில் தேய்த்தெடுத்ததுபோல் வந்தது.

"ஏன், சத்தம் போட்டாத்தான் உங்க மெஷினுக்கும் காது கேக்குமோ?" என்றாள்.

என் அணித் தோழன் காதருகே வந்தான். "ஏலே, எதிரணிக்குன்னே சதி பண்ணி வச்சிருக்கான்னுல்லா ஊரு சொல்லும். நீயும் பைய பேசிப் பாரு."

பேசினேன். என் குரலும் கிழிந்தது. முழக்கத்தில் மறைந்திருந்த குறை, மெல்லிய பேச்சில் முழுதாக வெளிப்பட்டது. அப்படியே விட்டால் என் வெற்றிக்கு மானமில்லை; திருகியில் கை தவறினால் டிரான்சிஸ்டர் எரிந்து விழாவே ஊமையாகும்.

மூடியைக் கழற்றி மீட்டரை இணைத்து, திருகியை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். அளவு ஏறியது, சூடும் ஏறியது. சூடேறினால் பயாஸைத் தானே குறைக்கும் சிறு டிரான்சிஸ்டரை வெப்பத்தகட்டோடு ஒட்டிப் பொருத்தியிருந்தேன். சூடு அதனை எட்டியதும் அளவு மெல்ல இறங்கி ஓரிடத்தில் நின்றது. தகட்டைத் தொட்டேன்: வெதுவெதுப்பு மட்டுமே. அதன் பிறகே மூடியை மாட்டினேன்.

அவள் மீண்டும் பேசினாள். பின்வரிசை நாற்காலிவரை ஒரு சொல்லும் சிதையவில்லை.

"இப்ப சரி. தோத்தா மெஷின் மேல பழி போடக் கூடாது, என்ன?"

தோற்றேன், அவளுடைய ஒவ்வொரு வாதத்தையும் அவை தெளிவாகக் கேட்டுத்தான் தோற்றேன். வியப்பு என்னவென்றால், நெஞ்சு லேசாக இருந்தது. நன்றியுரைக்கு மைக் என் கைக்கு வந்தபோது அவையறியச் சொன்னேன்: "இனி நான் செய்யும் எந்த ஆம்ப்ளிபயரையும் எதிரணியின் குரலில் சோதித்த பிறகே மேடை ஏற்றுவேன்."