வெள்ளை வேட்டியைப் பிடித்து நின்றவர்

"மேற்படியார் மலர் சாகுபடியில் நவீன முறைகளைக் கையாண்டு, 1983-ஆம் ஆண்டு கண்காட்சியில் முதலிடம் பெற்ற முன்னோடி விவசாயி எனச் சான்றளிக்கப்படுகிறது."

பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த ராஜ் போட்டோ ஸ்டுடியோவில், கண்ணாடிச் சட்டம் போட்டு இந்த வாசகம் தொங்கியது. மேற்படியார் என்பவர் ஸ்டுடியோக்காரர் சின்னப்பராஜ். அவருக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அப்பா விட்டுப்போன அரை ஏக்கர் புஞ்சையை விற்றுத்தான் கேமராவே வாங்கினார். சாகுபடி என்று பார்த்தால், வீட்டு வாசலில் டால்டா டின்னில் ஒரு கள்ளிச்செடி இருந்தது. அதற்கும் தண்ணீர் ஊற்றியது அவர் மனைவிதான். போதாக்குறைக்கு, இளவயதிலிருந்தே பொடி போட்டுப் போட்டு மூக்கு மரத்துப்போனவர். மல்லிகைக்கும் மண்ணெண்ணெய்க்கும் அவருக்கு வாசத்தில் வித்தியாசம் தெரியாது. அப்படிப்பட்டவருக்குப் பூவின்மேல் பைத்தியம்.

நடந்தது இதுதான். தர்மபுரியில் நடந்த விவசாயக் கண்காட்சியில், ஒரு மூலையில் பலகை போட்டுத் தான் எடுத்த சாமந்திப் படங்களை மாட்டி வைத்தார். பெரிய அளவுக் கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒவ்வோர் இதழும் தனித்தனியாக, எண்ணிவிடலாம் போல. பார்க்க வந்த அதிகாரிக்கு அவை ரொம்பப் பிடித்துப்போயிற்று. பரிசு கொடுத்தே தீருவேன் என்றார். பக்கத்தில் இருந்த குமாஸ்தா காதருகே குனிந்தார்.

"சார், போட்டோவுக்குப் பரிசு இல்லீங்க. பூவுக்கு, காய்க்கு, மாட்டுக்கு மூணுக்குத்தான் அச்சடிச்சிருக்குது."

"அப்பப் பூவுல போடுய்யா. படத்துல இருக்கறது பூதானே?"

மாட்டில் போடாமல் விட்டார்களே என்று சின்னப்பராஜ் வாங்கிக்கொண்டார். படத்தில் இருந்த பூவை யார் வளர்த்தார்கள் என்று அதிகாரியும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

வளர்த்தவர் ஆரோக்கியம்மாள். சித்தேரி மலைக்குப் பஸ் ஏறும் பாதையில், அடிவாரத்தில் ஒரு சிற்றூர். அங்கே கிணற்றை ஒட்டிய கால் ஏக்கரில் சாமந்தி போட்டிருந்தார். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. மகள் ராஜமேரி பக்கத்துத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டிருந்தாள். மகன் சவரி கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை. கல்லறைத் திருநாள் வந்தால் சுற்றுப்பட்டு ஊர்களில் உள்ள கல்லறைகளுக்கெல்லாம் ஆரோக்கியம்மாள் தோட்டத்துப் பூதான் போகும். "உசுரோட இருக்கறவங்களவிட செத்தவங்கதான் எனக்கு நல்ல கிராக்கி" என்று சிரிப்பார்.

சாமந்தி பூக்கும் மாதங்களில் சின்னப்பராஜ் விடிகாலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு அங்கே வந்துவிடுவார். வெயில் உச்சிக்கு வந்துவிட்டால் பூ தட்டையாகிவிடும், சோற்றுத் தட்டு மாதிரி ஆகிவிடும் என்பது அவர் கட்சி. சூரியன் மலைக்கு மேலே தலை காட்டி, வெளிச்சம் பக்கவாட்டில் வந்து விழும் அந்தச் சிறுபொழுதுதான் வேண்டும். அப்போதுதான் இதழுக்கு இதழ் நிழல் விழும், பூவுக்குக் கனம் வரும். பின்னால் கறுப்புக் கம்பளியைத் தொங்கவிடுவார். வெயில் படாத பக்கம் இருட்டடித்துப் போகாமலிருக்க, அங்கே வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்க வேண்டும். வெயில் வேட்டியில் பட்டுத் திரும்பிப் பூவின் மறுகன்னத்தில் மெல்ல விழும்.

வேட்டி சின்னப்பராஜுடையது. பிடித்து நின்றவர் ஆரோக்கியம்மாள்.

"களை கெடக்குது, தண்ணி பாய்ச்சோணும், நான் இங்க துணி காயப்போடற கொடியாட்டம் நிக்கறேன். ஏன் தம்பி, உனக்கே இது நல்லா இருக்குதா?"

"அசையாத அக்கா. வெளிச்சம் ஆடுது."

"காத்தடிக்குது, ஆடுது. காத்த நிறுத்தச் சொல்லு, நானும் நிக்கறேன்."

அவருடைய கேமராவுக்கு மேலே ஒரு கண், கீழே ஒரு கண். மேல் கண் வழியாகத்தான் ஆள் பார்ப்பது, படம் பிடிப்பதோ கீழ்க் கண். அது கிட்டத்தில் உள்ளதைப் பிடிக்காது. அதற்கு அவரே ஒரு வழி செய்திருந்தார். வெள்ளெழுத்துக் கண்ணாடி ஒன்றைக் கழற்றி, கீழ்க் கண்ணின் மேல் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடுவார். ஒட்டினால் சரியாக ஒரு முழ தூரத்தில் இருப்பது துல்லியமாக விழும். தூரத்தில் இருப்பதெல்லாம் புகையாகிவிடும். அளவுக்கு ஒரு முழ நூலைக் கேமராவில் கட்டி வைத்திருந்தார். பூவை முழம் போட்டு விற்கிறவர்கள் ஆயிரம் பேர் உண்டு. முழம் போட்டுப் படம் எடுத்தவர் அந்த வட்டாரத்தில் இவர் ஒருவர்தான்.

இந்தப் பைத்தியம் தோட்டத்தோடு நின்றிருந்தால் தேவலை. கல்யாணத்துக்குப் போனாலும் முன்னால் ஒரு பூ, பின்னால் ஆள் என்று அமைத்தால்தான் அவருக்குப் படம் படமாகத் தெரியும். பந்தக்காலில் ஒரு கொத்தைக் கட்டி, அது படத்தின் ஓரத்தில் எட்டிப் பார்க்கும்படி நிற்பார். "மாலை நல்லா வுழுந்திருக்குதுங்க, மாப்பிள்ளையத்தான் தேடணும்" என்று நல்லம்பள்ளியிலிருந்து ஒரு பெண்வீட்டார் வந்து சண்டை போட்டுப் போனார்கள். சான்றிதழ் வந்த பிறகு இந்த மாதிரிப் பேச்செல்லாம் அவர் காதில் ஏறவில்லை. அதைப் பார்த்துவிட்டு, "பூ வெவசாயமுங்களா?" என்று கேட்பவர்களிடம், "அந்த மாதிரித்தான்" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆரோக்கியம்மாள் நேரே தோட்டத்துக்கு வந்தார். கஞ்சி போட்ட புதுச்சேலை, அரக்குக் கரை. தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துச் சீவியிருந்தார். சின்னப்பராஜ் கம்பளியைக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் வேட்டியைக் கையில் எடுக்கவில்லை, சும்மா நின்றார்.

"சேலை எப்பிடி இருக்குது? சவரி கோலார்ல எடுத்தாந்தான்."

"நல்லா இருக்குதுக்கா."

"ராஜமேரிகூட சொன்னா, இத கட்டிக்கிட்டு ஒரு போட்டோ எடுத்துக்கோ ஆத்தான்னு. இந்த வயசுல எனக்கென்னத்துக்குடி போட்டோன்னேன்."

சொல்லிவிட்டுச் சின்னப்பராஜின் முகத்தைப் பார்த்தார். அவரோ கேமராவின் மேல் கண்ணுக்குள் தலையைக் கவிழ்த்திருந்தார். மலைக்கு மேலே வெளிச்சம் வந்துவிட்டது.

"அக்கா, சேலை பளபளன்னு அடிக்குது, பூ மேல வுழுது. ரவ தள்ளி நில்லு. வேட்டிய மேல தூக்கிப் புடி. உன்னைய அடுத்த வாரம் எடுத்துக்கலாம்."

ஆரோக்கியம்மாள் தள்ளி நின்றார். வேட்டியைத் தூக்கிப் பிடித்தார். முகம் வேட்டிக்குப் பின்னால் போயிற்று. அன்றைய படம்தான் தான் எடுத்ததிலேயே சிறந்தது என்று சின்னப்பராஜ் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் மழை. அதற்கு அடுத்த வாரம் பூ இல்லை. அப்புறம் மூன்று சாமந்திப் பருவம் வந்து போயிற்று.

எண்பத்தாறில், கார்த்திகைக் கடைசியில், களத்தில் பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்த ஆரோக்கியம்மாள் எழுந்திருக்கவில்லை. கோலாருக்குத் தந்தி போயிற்று. சவரி கிளம்பினானா, தந்தி கிடைத்ததா என்றே தெரியவில்லை. மறுநாள் காலைக்குமேல் உடம்பை வைத்திருக்க முடியாது என்றார்கள். ராஜமேரி சின்னப்பராஜுக்கு ஆள் அனுப்பினாள்.

அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் அது வழக்கம். வந்து சேர முடியாதவர்களுக்காகப் சவப்பெட்டியோடு ஒரு படம் எடுத்து வைப்பார்கள். பெட்டியைச் சற்றுச் சாய்த்து, முகம் தெரியும்படி, சுற்றிலும் உறவுக்காரர்கள் நிற்க. தூரத்திலிருந்து வருகிறவன் அந்தப் படத்தில்தான் முகம் பார்த்து அழுவான்.

"அண்ணா, அம்மாவுக்கு வேற போட்டோவே இல்லீங்க" என்றாள் ராஜமேரி. அழுது அழுது குரல் தேய்ந்திருந்தது. "ரேசன் கார்டுல பேருதான் இருக்குது. சவரி வந்து கேட்டா இதத்தான் காட்டோணும். மொகம் நல்லா வுழற மாதிரி எடுங்க."

"நான் பாத்துக்கறேன் தாயி" என்றார் சின்னப்பராஜ். உண்மையாகத்தான் சொன்னார்.

பெட்டியின் மேல் அந்த அம்மாளின் தோட்டத்துச் சாமந்தியையே வளையமாகக் கட்டி வைத்திருந்தார்கள். பந்தல் ஓலையின் இடுக்கு வழியாகக் காலை வெயில் சாய்வாக வந்து சரியாக அந்த வளையத்தின் மேல் விழுந்தது. இப்படி ஒரு வெளிச்சத்தை அவர் தோட்டத்தில்கூடப் பார்த்ததில்லை. கை தானாகப் பைக்குள் போயிற்று. கண்ணாடியை ஒட்டி, நூலைப் பிடித்து, வளையத்தை எடுத்தார். இன்னொரு கோணத்தில் இன்னொன்று.

"அண்ணா, சாமியார் காத்துக்கிட்டிருக்கறாருங்க."

"ஆச்சு, ஆச்சு."

உதிரியாகக் கிடந்த ஒரு கொத்தை எடுத்துப் பந்தக்காலில் கட்டினார். முன்னால் பூ, பின்னால் ஆள். பின்வாங்கி நின்று, மேல் கண்ணில் பார்த்தார். பெட்டி தெரிந்தது, முகம் தெரிந்தது, சுற்றி நின்றவர்கள் தெரிந்தார்கள். எல்லாம் தெளிவாக இருந்தது. மேல் கண்ணில்தான் கண்ணாடி இல்லையே. "யாரும் அசையாதீங்க" என்று ஒன்று எடுத்தார். பாதுகாப்புக்கு இன்னொன்றும் எடுத்தார். அவரளவில் அது பெரிய பொறுப்புணர்ச்சி.

கல்லறைத் தோட்டத்தில் குழிக்கரையில் பெட்டியை இறக்கி, கடைசியாக ஒருமுறை மூடியைத் திறந்தார்கள். சாமியார் செபம் சொல்லிக்கொண்டிருந்தார். மார்பில் தொங்கிய கேமராவைச் சின்னப்பராஜ் இருகையாலும் பிடித்து நின்றார். விரலில் பிளாஸ்திரியின் ஓரம் தட்டுப்பட்டது.

குனிந்து பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. விரலுக்குத் தெரிந்துவிட்டது. சுருளில் இன்னும் படம் பாக்கி இருந்தது. மூடி திறந்திருந்தது. ஆரோக்கியம்மாளின் முகத்தில், மூக்குத்தண்டின் ஒரு பக்கமாக, நல்ல வெயில். பிளாஸ்திரியைப் பிய்த்துவிட்டு, "கொஞ்சம் இருங்க, இன்னொண்ணு எடுத்துக்கறேன்" என்று சொன்னால் போதும். ஏன் என்று யாராவது கேட்டிருப்பார்கள். பூ எடுக்கும் கண்ணாடியோடு ஆளை எடுத்துவிட்டேன் என்று அத்தனை பேர் நடுவில், இந்த வட்டாரமே பரிசு வாங்கியவர் என்று மதிக்கிற ஆள் சொல்ல வேண்டியிருந்திருக்கும். வெளிச்சம் நுழையும் துவாரத்தைச் சின்னதாக வைத்துத்தானே எடுத்தோம், தூரத்தில் உள்ளதும் கொஞ்சமாவது தெளிவாக விழுந்திருக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். விழாது என்பது தெரியாமலிருக்க அவர் ஒன்றும் தொழில் தெரியாதவர் அல்ல.

மூடியை மூடினார்கள். எல்லோரையும் போல அவரும் ஒரு கைப்பிடி மண் போட்டார்.

சவரி நாலு நாள் கழித்து வந்தான். அக்காவோடு நேரே ஸ்டுடியோவுக்கு வந்தான். சின்னப்பராஜ் படத்தைக் கையில் கொடுத்தார். கொடுக்காமல் இருக்க என்னென்னவோ சாக்கு யோசித்து வைத்திருந்தார்.

படத்தின் இடது ஓரத்தில் ஒரு கொத்துச் சாமந்தி. இதழின் நரம்புகூடத் தெரிந்தது. ஒரு பூவின் நடுவே சிற்றெறும்பு ஒன்று, அதன் காலும் தெரிந்தது. அதற்குப் பின்னால் வெள்ளையும் சாம்பலுமாகப் பனி மூட்டம். உற்றுப் பார்த்தால் ஆட்கள் நிற்பது போல இருந்தது.

சவரி வெகுநேரம் பார்த்தான். படத்தைத் தள்ளிப் பிடித்தான், கிட்டக் கொண்டுவந்தான், வாசல் வெளிச்சத்துக்குப் போய்த் திருப்பினான்.

"பூ நல்லா இருக்குதுங்க" என்றான். பிறகு, "இதுல அம்மா எங்கீங்க?"

சின்னப்பராஜ் விரலால் ஓரிடத்தைக் காட்டினார். அவருக்கே நிச்சயமில்லை.

ராஜமேரி படத்தை வாங்கவில்லை, சுவரில் தொங்கிய சான்றிதழைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உசுரோட இருக்கும்போது தள்ளி நில்லுன்னு சொன்னீங்களாமா. பெட்டிக்குள்ள வெச்ச பொறவும் எங்கம்மா தள்ளித்தான் நிக்கோணுமாங்க?" என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவர்கள் போனதும் கடையைச் சாத்திவிட்டு, தோட்டத்தில் எடுத்த நெகட்டிவ் எல்லாவற்றையும் விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்தார். எங்கேயாவது, ஏதாவது ஒன்றில், தப்பித்தவறி அந்த அம்மாள் முகம் விழுந்திருக்காதா? விழவில்லை. ஓரத்தில் எதுவும் நுழையாமல் படம் கட்டுவதில் அவர் அவ்வளவு கெட்டிக்காரர். ஒரே ஒரு படத்தில் மட்டும், காற்று அடித்த நாளாக இருக்க வேண்டும், வேட்டியின் நுனியை இறுக்கிப் பிடித்த ஒரு கட்டைவிரல் விழுந்திருந்தது. நகத்தின் ஓரத்தில் மண். அதைக் கழித்துவிட்டுத்தான் கண்காட்சிக்கு அச்சுப் போட்டிருந்தார்.

விரலோடு முழுப்படமாகப் போட்டு, சவரி ஊருக்குக் கிளம்பும் முன் கொண்டுபோய்க் கொடுத்தார். ராஜமேரி எட்டிப் பார்த்துவிட்டு, "வெரலுக்கு மாலை போட முடியுமாங்க?" என்று உள்ளே போய்விட்டாள். சவரி வாங்கி, தகரப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு சாவு வீடுகளில் சின்னப்பராஜ் முகத்தைத்தான் முதலில் எடுத்தார். பந்தக்காலில் கொத்துக் கட்டுவதை விட்டுவிட்டார். சான்றிதழைக் கழற்றிய இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாகச் சதுரமாகத் தெரிந்தது, அதைவிட இது தேவலை என்று திரும்ப மாட்டிவிட்டார். "பூ வெவசாயமுங்களா?" என்று கேட்பவர்களுக்குத்தான் பதில் மாறியது.

"இல்லீங்க. பூ வளத்தது ஆரோக்கியம்மாள்னு ஒரு அக்கா. நான் அந்தப் பூவ எடுத்தேன். அவங்கள எடுக்கல."